அச்சடித்த கையெழுத்து

அந்த அட்டை என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. உள்ளங்கை அளவுகூட இல்லை. தடித்த வெள்ளைத் தாள், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு, நடுவில் ஆங்கிலத்தில் இரண்டே வரி: ‘உங்களுக்காகவே எடுத்து வைத்தேன். எங்கள் ஊர் இனிப்பு.’ அதற்குக் கீழே என் மச்சானின் கையெழுத்து. கடைசி எழுத்தைக் கீழே நீளமாக இழுத்து, இழுத்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். பார்த்தால் இப்போதுதான் பேனாவால் எழுதியதுபோல் இருக்கும். விரலால் தடவினால்தான் தெரியும், மையே இல்லை, அத்தனையும் அச்சு. இதே அட்டையை நானூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் வைத்தோம். இதனால்தான் மச்சானுக்குக் கப்பல் வேலை போயிற்று. தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. நாலு வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விடுமுறைக்குக் கோவில்பட்டி வந்து பத்து நாள் ஆகியிருக்கும், கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்னொரு புதுக் கப்பல் தயாராகிறது. போன கப்பலைப்போல் இரண்டு மடங்கு. அதன் அறைகள் முழுவதற்கும் நான் பொறுப்பு. ‘சின்னக் கப்பலின் அந்நியோன்னியத்தை அப்படியே கொண்டுவருகிறோம்’ என்று ஒரு பத்தி. பழைய அட்டையும் மறுபடி வருகிறதாம். இந்த முறை கடலை மிட்டாய் கிடையாது, எள் மிட்டாய். கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். பதவி உயர்வுக் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மச்சான் என் லாத்தாவின் மாப்பிள்ளை, அதாவது அக்கா கணவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவர்கள் வீட்டுக்கு மார்க்கெட் பக்கம் டீக்கடை. தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரிக்காரர்கள், பருத்திக் கமிஷன் கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். மச்சான் யாரிடமும் ‘என்ன டீ’ என்று கேட்டதில்லை. முகத்தைப் பார்த்ததும் ஸ்ட்ராங்கா லைட்டா, சர்க்கரை உண்டா இல்லையா என்று கை தானாகப் போகும். ரோட்டை அகலப்படுத்தியதில் கடை போயிற்று. அப்போது நான் ஹோட்டல் படிப்பு முடித்து, வெளிநாட்டுக்காரர்களின் சொகுசுக் கப்பல் ஒன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் மேலேறிக்கொண்டிருந்தேன். நான்தான் அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பரிமாறுகிறவராகச் சேர்த்துவிட்டேன். மூன்று வருஷத்தில் அந்தக் கூடத்துக்கே தலைவராகிவிட்டார். டிப்ளமோ வாங்கியவன் நான், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் திணறியவர் அவர். விருந்தாளிகள் திரும்பி வரும்போது முதலில் தேடுவதோ அவரை. எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

அது சின்னக் கப்பல். நூறு அறைக்கும் குறைவு. விருந்தாளிகள் எத்தனை பேரோ கிட்டத்தட்ட அத்தனை பேர் நாங்கள் வேலையாட்கள். பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்க முடியாத மீன்பிடித் துறைகளுக்குள் எல்லாம் போய் நிற்போம். கேப்டன் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். எதற்கும் வரிசை கிடையாது. ஏறின இரண்டாம் நாளிலிருந்து ஒருத்தரையும் அறை எண் சொல்லிக் கூப்பிட மாட்டோம். தங்கக் குழாயும் பட்டு விரிப்பும் எந்த ஹோட்டலிலும் கிடைக்கும். காசுள்ளவர்கள் வருஷா வருஷம் அந்தக் கப்பலுக்கே வந்ததற்குக் காரணம் அதுவல்ல, அங்கே ஒவ்வொருவரையும் நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம். ஒருவர் முட்டையின் மஞ்சளை ஒதுக்குவதை முதல் நாள் மச்சான் பார்த்தாரென்றால் மறுநாள் தட்டில் மஞ்சளே இருக்காது. கேட்கவும் மாட்டார், செய்ததாகச் சொல்லவும் மாட்டார். குறிப்பேடு எதுவும் கிடையாது. “எழுதி வச்சா கை மறந்துரும் மாப்ள” என்பார். நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் இதில் ஓயாமல் சண்டை.

ஊரிலிருந்து அவர் கடலை மிட்டாய் கொண்டுபோவார். கப்பலில் வெளித் தின்பண்டம் ஏற்ற ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சமையல் தலைவரிடம் பொட்டலத்தைக் காட்டி, சம்மதம் வாங்கி, ஏறின அன்று மத்தியானத் தேநீர் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தன் கையால் கொடுப்பார். கொடுத்துவிட்டு நகர மாட்டார். அவர்கள் வாயில் போடும்வரை நிற்பார். “குடுத்துட்டுத் திரும்பிட்டா அது சப்ளை மாப்ள. நின்னு முகத்தப் பாக்கணும்.” டீக்கடைப் பழக்கம். ஒரு வருஷம், பியானோ டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் தனியாக வந்திருந்தார். மிட்டாயை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவருக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாதென்றால் தடிப்பு அரிப்பு மட்டுமில்லை, தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். பையின் முன்புறத்திலிருந்து ஒரு நீல உறையை எடுத்து, அதற்குள் இருந்த பேனா மாதிரியான ஊசியைக் காட்டி, தொடையில் எப்படிக் குத்த வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லியும் கொடுத்தார். மச்சான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறையில் வீட்டில் லாத்தாவைப் புதுச் சட்டி வாங்கச் சொல்லி, நிலக்கடலை வாடையே படாமல், பொட்டுக்கடலை என்கிற பொரிகடலையில் அதே வடிவத்தில், அதே பாகில் மிட்டாய் செய்து கொண்டுபோனார். அந்த அம்மாளை நாங்கள் டீச்சர் என்போம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் டீச்சருக்கு மட்டும் தனிப் பொட்டலம். “ஒங்க டீச்சருக்குச் செஞ்சாச்சா?” என்று லாத்தா அவரைக் கிண்டல் செய்வாள்.

பிறகு கம்பெனி பெரிய கப்பல் கட்டியது. நானூற்றுச் சொச்சம் அறை, பதினொரு மாடி. எங்கள் இருவரையும் அதற்குக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானோ வர மாட்டேன் என்றார். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டை மதிலோரம் நிழலில் உட்கார்ந்து அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். பெரிய கப்பலையே எட்டுச் சின்னக் கப்பலாகப் பிரிப்போம், ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆட்கள், தனிக் கூடம், விருந்தாளியின் விருப்பமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் என்றேன். நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இன்றைக்கும் அதில் பாதியை நான் நம்புகிறேன்.

“எட்டுக் கடை போட்டா எட்டு டீ மாஸ்டர் வேணும்லா?” என்றார் மச்சான். “நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

“ஒங்க பழக்கத்தத்தான் நாங்க எழுதி வச்சுக்கிடுதோமே மச்சான். அப்பறம் எதுக்கு நீங்க எட்டுப் பேரா ஆகணும்?”

“பழக்கத்த எழுதலாம் மாப்ள. முகத்த எப்படி எழுதுவே?”

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “நீங்க இப்படியே பேசிட்டு இருங்க, ஊரு ஒலகம் எங்கயோ போயிரும்” என்று எழுந்துவிட்டேன். கடைசியில் லாத்தா சொல்லி, நானும் விடாமல் நச்சரித்து, வந்து சேர்ந்தார். புதுக் கப்பலின் ஹோட்டல் மேனேஜருக்கு அந்த மிட்டாய்ப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எண்ணூறு பேருக்குக் கையால் கொடுப்பது நடக்காத காரியம், ஒவ்வொரு அறையிலும் வைத்துவிடலாம், கூடவே இவர் கையெழுத்தோடு ஒரு அட்டை என்றார். கடலை ஆகாதவர்களின் அறை எண்ணைப் பட்டியலிட்டு அங்கே மட்டும் வைக்காமல் விடுவது என் பொறுப்பு. மாதிரிக்கு எழுதி வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்கள். மச்சான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். “நான் குடுக்காததுக்கு எம் பேரு எதுக்கு மாப்ள?” என்றார். “ஒரு கையெழுத்துதானே மச்சான், கழுத்தையா கேக்குதேன்?” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

முதல் பயணம், ஆட்கள் ஏறுகிற நாள். மத்தியானம் பன்னிரண்டுக்குள் எல்லா அறையிலும் மிட்டாயும் அட்டையும் வைத்துவிட்டோம். காலையில் அச்செடுத்த பட்டியல் என் சட்டைப் பையில். டீச்சரும் வந்திருந்தார். சின்னக் கப்பலை நிறுத்தியபோது வருத்தப்பட்டவர், மச்சான் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பதிவு செய்திருந்தார். அவருடைய அறை பட்டியலில் இருந்தது, ஆறாம் மாடி, அங்கே மிட்டாயும் அட்டையும் வைக்கவில்லை. அவருக்கான பொரிகடலை மிட்டாயை மச்சான் தன் கோட்டுப் பையில் வைத்திருந்தார், தேநீர் நேரத்தில் கையில் கொடுக்கலாம் என்று. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் ஆறாம் மாடியில் பூட்டுத் திறக்காத இரண்டு கதவுகளோடும், சேர வேண்டிய அறைக்குச் சேராத நாற்பது பெட்டிகளோடும் கத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மச்சான்.

“மாப்ள, டீச்சர் ரூமு மாறிட்டாவளாம். ஏசி சத்தமா இருக்குன்னு ஒம்பதாவது மாடில வேற ரூமு குடுத்துருக்காவ. ஒங்க அட்டையப் பாத்தேன்னு எங்கிட்டச் சொல்லிட்டு இப்பத்தான் மேல போனாவ. போனப்பறந்தான் எனக்கு ஒறச்சுது. அட்டை இருந்தா மிட்டாயும் இருக்கும்லா?”

நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. “சிஸ்டம்ல மாத்திருப்பாங்க மச்சான், அதெல்லாம் அது பாத்துக்கும். எனக்கு இங்க தலைக்கு மேல வேல கெடக்கு” என்று போனை வைத்தேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. எண்ணூறு பேர் ஏறுகிற நாளில் ஒருத்தரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே, இன்னும் டீக்கடையை விட்டு வரவில்லையே இந்த மனுஷன் என்று ஒரு எரிச்சல் வந்தது. மூன்றாவது முறை போன் அடிக்கவில்லை. அதுதான் என்னவோ செய்தது. ஐந்தாறு நிமிஷம் கழித்திருக்கும், சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டீச்சரின் பெயருக்கு எதிரே ஆறாம் மாடி அறைதான் இருந்தது. ஒன்பதாம் மாடியில் யாரோ வராமல் போன ஒரு அறையைக் கொடுத்திருக்கிறார்கள். வராமல் போனவர்களுக்குக் கடலை ஆகும். அவர்களுக்காக வைத்த மிட்டாய் அங்கேயே இருக்கிறது. காலையில் அடித்த தாளுக்கு மத்தியானம் நடந்தது எப்படித் தெரியும்?

வரவேற்பு மேஜைக்குப் போன் போட்டால் அங்கே கூட்டம், எடுக்க ஆளில்லை. லிஃப்டு முன்னால் பெட்டியும் ஆட்களுமாக நெருக்கியடித்து நின்றார்கள். சின்னக் கப்பலாக இருந்தால் டீச்சர் எங்கே இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இங்கே ஒன்பதாம் மாடி நடை, அந்தக் கடைசி கண்ணுக்கே தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடின கதவுகள். படியில் ஓடினேன். மச்சானுக்கு முழங்கால் சரியில்லை, அவர் மூன்றாம் மாடியிலிருந்து ஆறு மாடியும் எனக்கு முன்னால் ஓடியிருந்தார். அறை எண் அவருக்கும் தெரியாது. ஆனால் டீச்சரின் பெட்டிக் கைப்பிடியில் எப்போதும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். பழைய அறையிலிருந்து வந்த சாமான்கள் ஒரு கதவுக்கு வெளியே அப்படியே இருந்தன, ரிப்பனோடு. பக்கத்தில், ஊசி வைத்திருக்கும் அவருடைய கைப்பையும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. டீச்சர் கட்டிலோரம் தரையில் சாய்ந்திருந்தார். உதடும் கண்ணும் வீங்கி ஆள் அடையாளமே தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. மச்சான் மண்டி போட்டு, அந்த நீல உறையிலிருந்த ஊசியை அவர் தொடையில் அழுத்திப் பிடித்து, தமிழில் எண்ணிக்கொண்டிருந்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “டாக்டரக் கூப்புடு” என்றார். மேஜையில் தேநீர்க் கோப்பை, சாஸரில் பாதி கடித்த மிட்டாய், அதன்மேல் சாய்த்து வைத்த அட்டை. டாக்டர்கள் வந்தார்கள். பெரிய கப்பல் என்பதால் இரண்டு டாக்டர்கள், நல்ல கருவிகள், தனி வார்டு, சும்மா சொல்லக்கூடாது. கப்பல் இன்னும் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பாததால் கரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடிந்தது. டீச்சர் பிழைத்துக்கொண்டார். கொண்டுபோகும் முன் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு தேய்ந்த குரலில் சொன்னார்: “உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். கேட்கத் தோன்றவில்லை.” அது வேறு யாருடைய கையெழுத்தாக இருந்திருந்தாலும் அவர் மிட்டாயை முகர்ந்தாவது பார்த்திருப்பார். மச்சான் அன்று கூடத்துக்குத் திரும்பிப் போனபோதும் பொரிகடலை மிட்டாய் அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து விசாரணை. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, மச்சான், நான். நடந்ததை மச்சான் வரிசையாகச் சொன்னார். அறை மாறியதை எனக்குப் போனில் சொன்னதையும் சொன்னார், சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை. அதை என்னிடம் விட்டுவிட்டார். பாதுகாப்பு அதிகாரி என் பக்கம் திரும்பி, அறை மாறியது பற்றி இவர் உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தாரா என்று கேட்டார். ஆமாம் என்றால் அந்த நிமிஷமே என் வேலை போகும். அது எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். “போன் வந்தது. ஒரே சத்தம். என்ன சொன்னார் என்று சரியாக ஞாபகம் இல்லை” என்றேன். மேனேஜர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்று மச்சானைக் கேட்டார். “ஆமா சார், என்னோடதுதான்” என்றார். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காலையில் அடித்த பட்டியல் சரியாகத்தான் இருந்தது என்று எனக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. வெளியே வரும்போது மேஜையிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஊரில் மச்சான் எதையும் விளக்கவில்லை. வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேன் ஓட்டப் போய்விட்டார். பசுவந்தனை ரோட்டுக் கிராமங்களுக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். எப்படியோ விஷயம் அரைகுறையாக லாத்தா காதுக்குப் போயிற்று. “பேரப் போடச் சொன்னா பாக்காமப் போட்டுருவீங்களா? நல்லா இருந்த வேலையக் கெடுத்துட்டு வந்து நிக்கியளே” என்று நாலு வருஷமாக நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவரைக் குத்துவாள். எனக்கு முன்னாலேயே குத்துவாள். “தம்பியப் பாத்துக் கத்துக்கிடுங்க” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். நான் பிரியாணியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மின்னஞ்சல் வந்து நாலாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், நானும் வேனில் ஏறிக்கொண்டேன். சும்மா வாரேன் என்றேன். மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. ஒவ்வொரு வாசலிலும் மச்சான் இறங்கி, பிள்ளையைக் கைப்பிடித்து, வந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் விட்டார். ஒரு ஊரில் அம்மாவுக்குப் பதிலாக யாரோ ஒருவர் வந்து, நான் பிள்ளைக்கு மாமா என்றார். “இருக்கட்டும் அண்ணாச்சி, அவ அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்” என்று போன் போட்டு, அந்த அம்மா எடுக்கும்வரை கால் மணி நேரம் நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அவர் தானாகவே சொன்னார்: “அடுத்த வருசம் பெரிய பஸ்ஸு வாங்குதாவளாம். நாப்பது பிள்ளைக. என்னையத்தான் ஓட்டச் சொல்லுதாவ.”

“என்ன சொன்னீங்க?”

“ஓட்டுதேன்னுட்டேன். ஆனா மொத மாசம் நாப்பது வீட்டு வாசலுக்கும் நடந்து போயி ஆளப் பாத்துட்டு வாரேன், அதுக்கப்பறம் சாவி குடுங்கன்னேன். பாப்போம்.”

அவர் மறுத்தது பெரிய கப்பலை இல்லை, முகம் தெரியாமல் கொடுப்பதைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேன் காலியாக இருந்தது. இதைவிட்டால் வாய் வராது என்று சொல்லிவிட்டேன். “மச்சான், அன்னைக்கு நீங்க போன்ல சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கு.”

வேனை ஓரம் கட்டினார். இஞ்சினை நிறுத்தினார். “தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் நாலு வருசமா ஏன் ஒண்ணும் கேக்கல?”

“வேல போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல மாப்ள. அட்டைல எம் பேரு, போகத்தான் செய்யும். நீ காதுல போட்டுக்கிடாம அவசரத்துல போன வச்சதுக்குங்கூடக் கோவம் இல்ல. ஆனா ஞாபகம் இல்லன்னு சொன்னே பாரு.” ஸ்டியரிங்கில் கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஹாரன் அலறியது. “நாம அங்கன என்னத்தலே வித்தோம்? ஞாபகத்தத்தானே வித்தோம்? வேற என்ன இருந்துச்சு நம்மகிட்ட? அத இல்லன்னுட்டியே. நீ தின்ன சோறு அதுதானேலே?” அவர் என்னை ‘லே’ போட்டுப் பேசியது அதுவே முதல் முறை. கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலிலேயே லாத்தாவிடம் சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயம். தப்பு மச்சானுடையது இல்லை, அவர் போன் போட்டுச் சொன்னார், நான் கேட்கவில்லை, பிறகு கேட்டதையும் மறைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏலே, நாலு வருசமா இந்த மனுசன நான் வாய்க்கு வந்தபடி பேசிருக்கனேலே” என்றாள். அப்புறம் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு டீ வந்தது. அவருக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்து மேஜைமுன் உட்கார்ந்தேன். முதலில் கம்பெனிக்கு ஒரு கடிதம். போன் எப்போது வந்தது, அவர் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன், விசாரணையில் எதை மறைத்தேன் என்று எல்லாம் எழுதினேன். எனக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. எழுதி முடித்ததும் பாஸ்போர்ட்டைத் திறந்து பழைய அட்டையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன். அந்த நீண்ட வால், அந்தப் புள்ளி. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பேனாவை எடுத்தேன். புதுக் கப்பலில் ஆயிரத்து எழுநூறு பேர் வரப்போகிறார்கள். அவர்களில் யாருக்கு எள் ஆகாதோ, யார் மத்தியானம் அறை மாறுவார்களோ, எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கேட்டது கையெழுத்துக்கு ஒரு மாதிரி மட்டும்தான், வாசகம் இன்னது என்று சொல்லவில்லை. நான் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன்: ‘உங்களை எனக்கு இன்னும் தெரியாது. வாயில் போடுமுன் தயவுசெய்து என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.’ கீழே என் கையெழுத்தைப் போட்டேன். படம் எடுத்து, கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு, பழைய அட்டையை மச்சானிடம் கொடுக்க எழுந்து போனேன்.